கல்யாண வண்டி

வண்டிக்காரன் லம்ஜத் தினமும் விடியும் முன்பே வண்டியின் பின்தட்டில் தண்ணீர் ஊற்றுவான். கழுவுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டு ஈரமாக இருந்தால் நாங்கள் உட்கார மாட்டோம். எல்லாரும் நின்றுகொண்டே வந்தால் இன்னும் கொஞ்சம் பேரை நெருக்கி ஏற்றலாம். அவ்வளவுதான் அவன் மூளை. அதே வண்டியில் சந்தைக்கு ஆடு ஏற்றும்போது அடியில் வைக்கோல் போடுவான் பாவி.

சிதி பூசித் ஊர்ப் பக்கத்தில் மிளகாய் பறிக்கப் போகிற பெண்கள் எல்லாருக்கும் இந்தப் பிழைப்புத்தான். அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். சட்டம் போட்டார்கள். பண்ணை வேலைக்குப் போகிறவர்களை இருக்கை வைத்த வண்டியில்தான் ஏற்ற வேண்டும், ஓட்டுகிறவனுக்குத் தனி உரிமம் வேண்டும், வழியில் அடிபட்டால் அது வேலையில் அடிபட்டதாகவே கணக்கு என்று ரேடியோவில் விலாவாரியாகச் சொன்னார்கள். லம்ஜத்தும் அதே ரேடியோவைத்தான் கேட்டான்.

கேட்டுவிட்டு அவன் கண்டுபிடித்ததுதான் கல்யாணம். சாலையில் காவல்காரர்களோ தொழிலாளர் துறை ஆட்களோ நிற்பது தெரிந்தால் ஹாரனை இரண்டு முறை அடிப்பான். உடனே நாங்கள் கைதட்டிக் குலவையிட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிற சொந்தக்காரப் பெண்களாம் நாங்கள். கல்யாண வண்டியை எவன் நிறுத்துவான்? சிரித்துக் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். ஊரில் நடக்காத கல்யாணத்துக்கெல்லாம் நான் குலவையிட்டிருக்கிறேன்.

எங்களோடு மிளகாய் பறிக்கிற மப்ரூக்கா விழுந்ததும் அப்படி ஒரு குலவையின்போதுதான். கள்ளிவேலி வளைவில் ஹாரன் கேட்டது. பாவம், கம்பியை விட்டுவிட்டுக் கைதட்டினாள். வண்டி திரும்பியது, ஈரத் தட்டில் கால் வழுக்கியது, ஆள் வெளியே போய்விட்டாள். நாங்கள் போட்ட கூச்சல் குலவைச் சத்தத்தோடு கலந்துவிட்டது. லம்ஜத் காவல் சாவடியைத் தாண்டி, வணக்கம் வைத்து, அதற்கப்புறம்தான் வண்டியை நிறுத்தினான்.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே இரும்புத் தண்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை அறுத்துச் சரிசெய்யாவிட்டால் அவள் இனி காலை ஊன்ற முடியாது. வேலையில் அடிபட்டது என்று நிரூபணமானால் அந்தச் செலவைச் சட்டப்படி பண்ணை முதலாளிதான் ஏற்க வேண்டும். ஆனால் அவரும் லம்ஜத்தும் என்ன சொன்னார்கள் தெரியுமா? மிளகாய் உலர்த்தும்போது தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து விழுந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து இன்ஸ்பெக்டரம்மா வந்தாங்க ஹனியா அக்கா. நல்ல மனுஷி. ஆனா வண்டிலேர்ந்து விழுந்ததப் பார்த்தேன்னு யாராவது ஒருத்தர் சொல்லணுமாம்."

"நாங்க அத்தன பேரும் பார்த்தோமேடீ."

"லம்ஜத் முந்திக்கிட்டான். வாயத் திறக்கிறவ நாளைலேர்ந்து நடந்துதான் வேலைக்குப் போகணும்னு வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கான். நீயும் பிள்ளைக்காரி. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னக் கேப்பேன்?"

காலை முறித்தவன் வீடு வீடாகப் போய் மிரட்டுவானாம், முறிந்தவள் கேட்கக் கூச்சப்படுவாளாம்.

மறுநாள் விடியலில் வண்டிக்குக் காத்திருந்தபோது பெண்களிடம் சொன்னேன். "இன்னிக்கு ஹாரன் அடிச்சா நான் குலவ போட மாட்டேன்."

"உனக்கென்ன, உன் புருஷன் சம்பாதிக்கிறான்" என்றாள் ஜாஸியா. அவள் விதவை. அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"அவன் சம்பாதிக்கிற லட்சணம் தெரியாதா உனக்கு? காப்பிக் கடை நாற்காலிக்கே பத்தாது. நான் யாரையும் கூப்பிடல ஜாஸியா. என் வாய், நான் மூடிக்கிறேன். அவ்வளவுதான்."

ஹரீஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினோம். தட்டில் தண்ணீர் தளும்பியது.

கள்ளிவேலி வந்தது. ஹாரன் இரண்டு முறை அடித்தது.

ஜாஸியாவின் கை பழக்கதோஷத்தில் வாய்வரை போனது. என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை இறக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி ஹாரன். மறுபடியும் ஹாரன். முன்னாலிருந்து லம்ஜத் தலையை நீட்டினான்.

"ஏய், என்னாச்சு உங்களுக்கெல்லாம்? போடுங்கடீ குலவய!"

வண்டி முழுக்க ஒரு சத்தமில்லை. காவல்காரர் குறுக்கே வந்து கையைக் காட்டினார். அவர் பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா இறங்கி வந்தார். ஒல்லியான பெண், குளிருக்குக் கழுத்தைச் சுற்றிச் சால்வை.

"என் அக்கா மகனுக்குக் கல்யாணம் மேடம்" என்று லம்ஜத் ஓடிவந்தான். "பொம்பளைங்களுக்குத் தூக்கக் கலக்கம், அதான் பாட்டக் காணோம்."

"கல்யாணத்துக்கு ரப்பர் பூட்ஸா?"

"கிராமத்துக் கல்யாணம் மேடம், ஒரே சேறு."

"யாருக்குடா காது குத்துற?" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "மேடம், இது கல்யாண வண்டின்னா கல்யாணப் பொண்ணு தொடையில இரும்பு வச்சுப் படுத்திருக்கா. பேரு மப்ரூக்கா. இதே வளைவுல, இதே தட்டுலேர்ந்து விழுந்தா. நான் பார்த்தேன். கதவ இறக்கிப் பாருங்க."

காவல்காரர் பின்கதவை இறக்கினார். தண்ணீர் கொட்டி இன்ஸ்பெக்டரம்மாவின் செருப்பை நனைத்தது. அவர் நகரவில்லை. "வேற யாராவது பார்த்தீங்களா?" என்று நிதானமாகக் கேட்டார்.

நான் ஒருத்தி சொன்னால் லம்ஜத் பொய் என்பான், அவன் சொல்லும் முதலாளி சொல்லும் ஒன்றாக இருக்கும்.

"நான் பக்கத்துல நின்னேன்" என்றாள் ஜாஸியா. அழுதுகொண்டே சொன்னாள். "அவளப் பிடிக்கப் பார்த்தேன் மேடம். முக்காட்டு முனைதான் கையில கிடைச்சுது. இன்னும் என் வீட்டுலதான் இருக்கு அந்தத் துணி."

அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. நான், நானும், என் பேர எழுதுங்க என்று ஆளுக்கு ஆள் குதித்து இறங்கினார்கள்.

வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். லம்ஜத் பேயறைந்தவன் மாதிரி நின்றான். பிறகு எங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். "நாளைக்கு உங்கள எவன் வந்து ஏத்திக்கிட்டுப் போறான்னு பார்க்கிறேன்."

"இருக்கை வச்ச வண்டி ஓட்ட ஆபீஸ்ல பயிற்சி தர்றோம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பெண்களும் சேரலாம்."

"அப்ப முதல் பேரு என்னோடது" என்றேன். "நாளைக்கு நடப்போம் லம்ஜத். அடுத்த அறுவடைக்கு நீ கை காட்டினா நான் நிறுத்தறேனா பார்ப்போம்."

அன்றைக்குக் கூலி போயிற்று. முதலாளி வேறு ஊர்ப் பெண்களைத் தேடுவார், அதுவும் தெரியும். அதற்கும் ஒரு வழி பார்ப்போம் என்று திரும்பி நடந்தோம். ஆனால் யாரும் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை.

மப்ரூக்காவின் வாசலில் போய் நின்றோம். ஜாஸியாதான் முதலில் குலவையிட்டாள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து, தொண்டை கிழிய. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"காலங்காத்தால யாருக்குடீ கல்யாணம்?" என்று மப்ரூக்கா கேட்டாள்.

"உன் காலுக்குடீ!" என்றேன்.