யூசி மலையில் ரஞ்சினி அக்கா

அலோசியஸுக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவன் மனைவி சியாமளாவின் அக்கா ரஞ்சினி. கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் அவர்களுக்குள் பெரிய நெருக்கம் எதுவும் இருந்ததில்லை. ரஞ்சினி டோர்ட்மண்டில் இருந்தாள். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாலை வேலை. கணவர் இறந்துவிட்டார். மகன் அஷ்வின் லண்டனுக்குப் போய்விட்டான். அலோசியஸும் சியாமளாவும் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நூர்டிங்கனில், வீட்டில் இரண்டே பேர். கல்யாண வீடு, செத்த வீடு என்றால் எல்லோரும் சந்திப்பார்கள். "சுகமோ தம்பி?" "ஓம் அக்கா, நீங்கள்?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அலோசியஸின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதானபோது சியாமளாதான் முதலில் முன்வந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அவள் தொலைபேசியில் அழுதபோது ரஞ்சினி, "அப்ப என்ரயைப் பார்க்கச் சொல்லு" என்றாள். வீட்டில் கூடுதலாகக் கிடக்கும் ஒரு பானையை எடுத்துத் தருகிறவள் போலத்தான் சொன்னாள். உறுப்பைத் தானம் செய்பவர் மனம் ஒப்பித்தான் செய்கிறாரா என்று விசாரிக்க ஒரு குழு உண்டு. ஏன் கொடுக்கிறீர்கள் என்று அந்தக் குழு கேட்டதற்கு அவள் நீளமாக எதுவும் சொல்லவில்லை. "என்ர தங்கச்சி தனிய இருந்து சாப்பிடக்கூடாது" என்றாள். மொழிபெயர்க்கப் போன பெண் பிற்பாடு சொல்லித்தான் இது அலோசியஸுக்குத் தெரியும்.

காயம் ஆறும்வரை ரஞ்சினி அவர்கள் வீட்டில் இருந்தாள். பிறகு டோர்ட்மண்டுக்கும் வேலைக்கும் திரும்பிப் போனாள்.

அலோசியஸ் என்னவெல்லாமோ செய்து பார்த்தான். காப்பு வாங்கிக் கொடுத்தான். "இதைப் போட்டுக்கொண்டு மெஷினுக்குள்ள கை விட ஏலாது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பட்டுச்சேலை அனுப்பினான். "கட்டிக்கொண்டு எங்க போறது?" என்றாள். ஒருநாள் துணிந்து தொலைபேசியில் நேராகவே, "அக்கா, உங்களுக்கு நான் எப்பவும் நன்றியோட இருப்பன்" என்று சொன்னான். சங்கக் கூட்டத்தில் நன்றியுரை வாசிப்பது போல அது அவன் காதுக்கே கேட்டது. மறுபக்கத்தில் ரஞ்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். "தம்பி, மைக் எங்க வச்சிருக்கிறீர்?"

அந்த வருடக் கோடையில் அவர்கள் டோர்ட்மண்டுக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு தூர தேசத்தில் சனங்கள் இருட்டில் எரிமலை ஏறுவதைக் காட்டினார்கள். உச்சியில் நின்று சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து வெந்நீர் ஊற்றில் கழுத்தளவுக்கு அமிழ்ந்து கிடந்தார்கள். கையில் துவட்டும் துணியோடு வந்த ரஞ்சினி நின்று பார்த்தாள்.

"இப்பிடி ஒருக்காப் போகோணும்" என்றாள். "விடியக்காலமை எழும்பித்தான் திரியிறன், சூரியன் வரேக்க ஒருநாளும் வெளியில நிண்டதில்லை."

சியாமளா சிரித்தாள். அலோசியஸ் சிரிக்கவில்லை. அவள் வாயிலிருந்து "வேணும்" என்ற பொருளில் வந்த முதல் வார்த்தை அது.

திங்கட்கிழமை வேலையிடத்தில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்யும் ஜெர்மன்காரர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "எரிமலைக்கு ஏன் விமானம் ஏறவேண்டும்? யூசி எரிமலைதானே!" யூசி அவர்கள் ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும் மலை. பதினேழு வருடமாக அலோசியஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எரிமலை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. இலையுதிர்காலத்தில் சனிக்கிழமைகளில் ஒரு வழிகாட்டி சூரியோதயத்துக்கு ஆட்களை அழைத்துப் போவார், முடிந்ததும் பக்கத்து ஊர் பாய்ரனில் நிலத்தடி வெந்நீர்க் குளியல் என்றும் அந்த ஜெர்மன்காரரே விசாரித்துச் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் ரஞ்சினி வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை பல்கனியில் நின்று அலோசியஸ் மலையைக் காட்டினான்.

"அந்த மேடோ? அதில ஆடெல்லோ மேயும்."

"எரிமலைதான் அக்கா. அவிஞ்சு போச்சுது."

"என்ர வயசுக்கு அவிஞ்சதுதான் சரி" என்றாள் ரஞ்சினி.

மறுநாள் இருட்டோடு மலையடிவாரத்தில் கூடினார்கள். பத்துப் பன்னிரண்டு ஜெர்மன்காரர்கள். வழிகாட்டி உர்சுலா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கம்பளித் தொப்பி போட்ட உயரமான பெண். ஒவ்வொருவர் தலையிலும் விளக்கு மாட்டிவிட்டாள். கொஞ்சத் தூரம் ஏறியதும் பாதை வெட்டிய இடத்தில் விளக்கை அடித்துக் காட்டினாள். கருமையான கல், அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் துண்டுகள். கோடி வருடங்களுக்கும் முன்னால் அடியிலிருந்து வெடித்து வந்தபோது வழியில் அகப்பட்டதையெல்லாம் நொறுக்கிக் கலந்துவிட்டது என்றாள். ரஞ்சினி கல்லைத் தடவிப் பார்த்தாள். "கறுத்த தொதல் இனிப்பு மாதிரி. முந்திரிப்பருப்பும் போட்டிருக்கு."

முதலில் ரஞ்சினிதான் முன்னால் போனாள். காட்டுப் பாதை செங்குத்தாகத் தொடங்கியபோது அவள் நடை தளர்ந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். பிறகு அவள் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

அலோசியஸ் விரைந்து வந்து அவள் முன்னால் குனிந்தான். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவளை இந்தக் குளிரில் மலையேற்றியிருக்கிறோமே என்று முதல்முறையாக உறைத்தது.

"என்ன அக்கா செய்யுது? முதுகு, நாரி நோகுதோ? தலை சுத்துதோ?"

"ஒண்டுமில்லை. நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்."

"சியாமளா, டாக்டரின்ர நம்பர் உம்மட போனில இருக்கோ?"

"டாக்டரோ?" ரஞ்சினிக்குக் கோபம் வந்துவிட்டது. "சப்பாத்து கடிக்குது தம்பி! சப்பாத்துக்கு என்ன டாக்டர்?"

மலையேறுவதற்கென்றே புதுச் சப்பாத்து வாங்கியிருந்தாள். கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்ததாம். அடிவாரத்திலேயே கடிக்கத் தொடங்கிவிட்டது, ஆசையாகக் கூட்டி வந்தவனுக்கு எப்படிச் சொல்வது என்று பேசாமல் வந்திருக்கிறாள். சியாமளா சப்பாத்தைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. உர்சுலா திரும்பி வந்து மருந்துப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள். ஆனால் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது, மற்றவர்களை அவள் உச்சிக்குக் கொண்டுபோயாக வேண்டும். மேலே போனால் காடு முடிந்து புல்வெளி வரும், பாதை ஒன்றுதான், தவற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"தம்பி, நீர் அவையளோட போம். இவள் என்னோட நிக்கட்டும்."

"நான் ஏன் போக? உங்களுக்காகத்தானே வந்தனாங்கள்."

சியாமளா தன் சப்பாத்தை அக்காவுக்குக் கொடுத்தாள். அவள் எப்போதும் அரை அளவு பெரிதாகவே வாங்குவாள். அக்காவின் சப்பாத்து சியாமளாவைக் கடிக்கவில்லை. "சின்னனில எல்லாம் உன்ர சட்டை எனக்கு வரும், இப்ப சப்பாத்து" என்று தங்கை சொல்ல இருவரும் சிரித்தார்கள். ஒரு பக்கம் சியாமளாவையும் மறுபக்கம் அலோசியஸையும் பிடித்துக்கொண்டு ரஞ்சினி நொண்டி நொண்டி ஏறினாள். அவன் தோளில் அவள் கை வைத்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் தன் மீது தானே எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தான் அலோசியஸ். ஒன்றே ஒன்று கேட்டாள், அதையும் சரியாகச் செய்ய முடியவில்லை.

புல்வெளிக்கு வந்தபோதே வானம் சிவந்துவிட்டது. உச்சி இன்னும் மேலே இருந்தது. அங்கே ஆட்கள் நிற்பது கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது.

"இனிக் காணும்" என்றாள் ரஞ்சினி. "இதில இருப்பம்."

சியாமளா மழைச்சட்டையை ஈரப் புல்லில் விரித்தாள். மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. ஊர்கள் எதுவும் தெரியவில்லை. எதிர்மலையில் இடிந்த கோட்டை மட்டும் பனிக்கு மேலே நின்றது. அதற்கு அப்பால் மலை விளிம்பில் ஒரு பொட்டு அளவுக்கு ஒளி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே பெருகி முழுச் சூரியனாக ஏறிவிட்டது. பனி மேலெல்லாம் மஞ்சள் படர்ந்தது. புல் நுனி ஒவ்வொன்றிலும் நீர் மின்னியது.

ரஞ்சினி கை கூப்பினாள். அலோசியஸ் சிலுவை போட்டுக்கொண்டான். சியாமளா பிளாஸ்கைத் திறந்து இஞ்சித் தேநீர் ஊற்றினாள்.

"அக்கா," என்றான் அலோசியஸ். "உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகேலாமல் போச்சுது."

"சூரியன் அவையளுக்கு வேறயோ வந்தது?"

அவன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "நான் உங்களுக்கு எதைச் செய்தாலும் காணாது. அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்டுமே செய்யாமல் இருக்கவும் ஏலாமல் கிடக்கு."

ரஞ்சினி குனிந்து சப்பாத்தின் நாடாவைத் தளர்த்தினாள். காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான் ஒண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது" என்றாள். "ஒப்பரேசன் முடிஞ்சு உங்கட வீட்டில கிடந்தன் எல்லே. நீரும் அறையில படுத்திருக்கிறீர், நானும் மற்ற அறையில. இவள் ரெண்டு பேருக்கும் கஞ்சி கொண்டு ஓடித் திரிவாள். பத்து மணிக்குப் பிறகு எழும்புவன். சன்னலால வெயில் வந்து கட்டில்ல விழும். எனக்கு ஆரும் சாப்பாடு போட்டுத் தந்து எத்தினை வருசம் தெரியுமே? காயம் நொந்ததுதான், இல்லையெண்டில்லை. ஆனா ஜெர்மனிக்கு வந்து நான் சந்தோசமா இருந்த நாள் அதுதான். திரும்பிப் போகேக்க ரயிலில அழுதனான். மனுசர் ஆஸ்பத்திரியால வந்து சந்தோசமா இருந்தன் எண்டு சொல்லுவினமோ? வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சியாமளா அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரஞ்சினி அலோசியஸின் கையிலிருந்த தேநீரைக் காட்டினாள்.

"ஆறப்போகுது. குடியும்."

அவன் குடித்தான். ஒரு வருடமாக மனதை அழுத்திக்கொண்டிருந்தது அந்த இடத்தில் இறங்கியது போலிருந்தது. தான் வாங்கிக்கொண்ட பக்கத்தையே இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவளுக்கும் ஏதோ கிடைத்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பெல்லாம் இலேசானது.

உச்சியிலிருந்து மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். உர்சுலா அவர்களைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ரஞ்சினி தன் அரைகுறை ஜெர்மனில், "மிக நல்ல இருக்கை, முதல் வரிசை" என்றாள். உர்சுலா அவர்களோடு உட்கார்ந்து தேநீர் வாங்கிக் குடித்து, இஞ்சி எவ்வளவு போட்டீர்கள் என்று விசாரித்தாள்.

பாய்ரனில் வெந்நீர்க் குளங்கள் பாதி கூரைக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்தன. சியாமளா அக்காவுக்குத் தொடைவரை மூடும் கருநீல நீச்சல் உடுப்பு வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் துவாயைச் சுற்றிக்கொண்டு, குளத்தின் விளிம்புவரை வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, துவாயைச் சியாமளாவின் கையில் எறிந்துவிட்டு ரஞ்சினி ஒரே இறக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஐயோ, என்ன சுகம்!" கண்ணை மூடிக்கொண்டு கழுத்தளவுக்கு அமிழ்ந்தாள். குதிகாலில் முதலில் எரிந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

அலோசியஸ் பனியனோடு இறங்கப் போனான். குளத்துக் காவலர் வந்து, துணியோடு இறங்கக்கூடாது, கழற்றுங்கள் என்றார். அவன் தயங்கினான். அறுவைக்குப் பிறகு சியாமளா தவிர யாருக்கும் அவன் வயிற்றைக் காட்டியதில்லை. பிறகு கழற்றினான். அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வளைந்த நீளத் தழும்பு.

கண்ணைத் திறந்த ரஞ்சினி அதையே பார்த்தாள்.

"தம்பி, இதென்ன முன்னுக்கு வெட்டியிருக்கு?"

"முன்னுக்குத்தான் அக்கா வைக்கிறது."

"அங்கயோ வச்சிருக்கிறாங்கள்? நான் பின்னுக்கு நாரிக்குள்ள எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்!"

"பழசு ரெண்டும் அங்கதான் இருக்கு. உங்கடயை இஞ்ச வச்சவங்கள்." அவன் குனிந்து தொட்டுக் காட்டினான். "இந்த இடம். அமத்திப் பார்த்தால் கையில தெரியும்."

ரஞ்சினி நீருக்குள் இரண்டு எட்டு வைத்துக் கிட்டே வந்தாள். கையை நீட்டினாள், பிறகு எடுத்துக்கொண்டாள். அவன் உடம்பைப் பார்ப்பது போலவே அவள் பார்க்கவில்லை. தூரத்துப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளையைப் போய்ப் பார்க்கிற தாயின் முகம்.

"ஒழுங்கா வேலை செய்யுதோ?"

"நல்லாச் செய்யுது அக்கா. போன கிழமையும் பார்த்தவை. டாக்டருக்கே புளுகம், சிரிச்சுக்கொண்டு சொன்னார்."

"செய்யும். எங்கட வீட்டில ஒருத்தரும் சும்மா இருக்கமாட்டினம்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னபடி அலோசியஸ் கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்து சாய்நாற்காலியில் உட்கார்ந்தான். வெளிக்குளத்தில் அக்காவும் தங்கையும் ஆவிக்குள் தலை மட்டும் தெரியப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நெடுநேரம் போனது. பிறகு ரஞ்சினி விளிம்புக்கு வந்து அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவள் என்னை டோர்ட்மண்டை விட்டிட்டு இஞ்ச வரச் சொல்லுறாள். நீர் என்ன சொல்லுறீர்?"

"சாமான் ஏத்த எப்ப வாகனம் பிடிக்கிறது எண்டு சொல்லுங்கோ."

"பொறும், பொறும். முதல்ல வேலை தேடோணும். வீடும் தனியத்தான் வேணும், உங்கட வீட்டில இருக்கமாட்டன்."

"பக்கத்துத் தெருவில பார்ப்பம்."

"பக்கத்துத் தெரு எண்டால் சரி" என்றாள் ரஞ்சினி. கொஞ்சம் யோசித்தாள். "ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் உங்கட வீட்டில."

அடுத்த சித்திரையில் அவள் வந்துவிட்டாள்.