அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது

“மூணு மணி நேரம்! காய்ச்சலோட புள்ள மூணு மணி நேரம் ஸ்கூல் ரூம்ல தனியா...”

“கத்தாதீங்க, இப்பத்தான் கண்ணசந்தா.”

“நான் எங்க கத்தறேன்? ஸ்கூலுக்கு அஞ்சு நிமிஷ நடையில நான் இருக்கேன். போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் துணி மடிச்சிட்டிருக்கேன். அவங்க என்னடான்னா உன்னைக் கூப்பிடறாங்க!”

“நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தேன். போன் லாக்கர்ல கெடந்துச்சு. வயித்தைத் திறந்து போட்டிருக்கற ஆளை அப்படியே விட்டுட்டு, யாரு கூப்பிட்டாங்கன்னு போய்ப் பாக்க முடியுமா?”

“அதையேதான் நானும் கேக்கறேன். உன் நம்பரை எதுக்குக் குடுத்தே?”

“நான் குடுக்கலைங்க. ஃபாரம் எழுதினது நீங்க.”

“நானா? கதை விடாதே. புருஷன் வீட்டுல உக்காந்திருக்கான்னு வெளியில சொல்ல உனக்கு வெக்கம். அதைச் சொல்லிட்டுப் போயேன்.”

அவள் கையில் பிடித்திருந்த தெர்மாமீட்டரை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு, சிட்டு படுத்திருந்த அறைக்குள் போனாள். மகளுக்கு ஆறு வயது. சிட்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவது.

கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்தது அவளுடைய நர்ஸ் வேலையை நம்பித்தான். அவன் படிப்பு இங்கே செல்லுபடியாகக் காகிதங்கள் எங்கெங்கோ போய்வர வேண்டியிருந்தது. பத்து மாதமாகப் போய்க்கொண்டிருக்கின்றன, வந்தபாடில்லை. ஊரில் அவன் வேலை பார்த்த மில்லில் அவனுக்கு ‘மெஷின் டாக்டர்’ என்று பேர். ஒரு தறி லேசாக இருமினாலும் முதல் போன் அவனுக்குத்தான். குளிக்கிறபோது, சாப்பிடுகிறபோது, மாமனார் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறபோதுகூட வரும். சனியன் பிடித்த போன் என்று அப்போது திட்டியிருக்கிறான். இங்கே அது அடித்தால் பெரும்பாலும் விளம்பரம்.

காலையில் பள்ளி வாசலில் அம்மாக்கள் வட்டம் போட்டு நிற்பார்கள். ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அவன் பக்கத்தில் வந்தால் சிரிப்பு நிற்கும், வட்டம் பிளக்கும். வழி விடுவார்கள்; இடம் விடமாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவான். வீட்டுக்கு வந்து அவளுடைய நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டால், வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே ஓரடி நகரும். “எங்கடி கிளம்பிட்டே? உனக்காவது போக இடமிருக்கா?” என்பான். மதியம் வரைக்கும் அவன் வாயிலிருந்து வருகிற பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் சிட்டுவை வகுப்பில் விட்டவன், நேராகப் பள்ளி ஆபீசுக்குப் போனான். யார் எழுதியது என்று காட்டி அவள் வாயை அடைக்க வேண்டும் என்ற வேகம்.

குமாஸ்தா அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கோப்பிலிருந்து ஃபாரத்தை உருவி அவன் முன்னால் திருப்பி வைத்தாள்.

மெஷின் படம் வரைந்து பழகிய கையின் எழுத்து. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் நின்றது. வேறு யாருக்கும் அப்படி எழுத வராது. தந்தை: எஞ்சினியர். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வேலை. அந்நேரத்தில் அழைக்க வேண்டாம்.

வந்து சேர்ந்த முதல் வாரம். இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, இதோ இந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினான். ஒரு மாதத்தில் வேலை கிடைத்துவிடும், அப்புறம் யார் திருத்திக்கொண்டிருப்பது என்று நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது. அடித்துச் சொன்னானே அவளிடம், நானா என்று!

“கூப்பிட வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அதான் கூப்பிடல” என்றாள் அந்த அம்மாள், அவர்கள் பாஷையில், அவனுக்குப் புரியும்படி மெதுவாக.

“இப்ப வேலை... மாறிடுச்சு.”

“அப்படியா, நல்லது. எங்க?”

“வீட்டுல.”

“வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலையா? குடுத்து வெச்சவர்தான்.”

“ஆபீஸ் வேலை இல்லைங்க. வீட்டு வேலை. சமையல், துணி, பொண்ணு.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது ஃபாரம் ஒன்றை நீட்டினாள். “அப்ப உங்க நம்பரை மொதல்ல எழுதுங்க.”

எழுதினான். வாங்கி, பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கோப்பில் செருகினாள். பத்து மாதமாக அவன் மூச்சுப் பிடித்துச் சுமந்ததை இறக்கி வைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னும் ஏதாவது கேட்பாளோ என்று சற்று நின்றான். வெளியாள் ஒருவரிடம் இத்தனை வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று! அவள் அடுத்த ஆளைப் பார்த்து, “வாங்க” என்றாள்.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். ஷூவைக் கழற்றி, வீங்கின காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சிட்டு உள்ளே பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டீ கொண்டுவந்து கொடுத்தான்.

“ஸ்கூலுக்குப் போயிருந்தேன்.”

“ம்.”

“என் கையெழுத்துதான்.”

“அன்னைக்கே சொன்னேனே.”

“சொன்னே.”

“சரி விடுங்க. வந்த புதுசு, ஏதோ அவசரத்துல எழுதியிருப்பீங்க.”

“அவசரமெல்லாம் இல்ல. நிறுத்தி நிதானமாத்தான் எழுதியிருக்கேன். வெக்கம் எனக்குத்தான். பழியைத் தூக்கி உன்மேல போட்டுட்டேன்.”

அவள் டீயை ஊதினாள்.

“வீட்டு வேலைன்னே போட்டுட்டேன். இனிமே எதுன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.”

“நல்லதாப் போச்சு” என்றாள். கண் கோப்பையை விட்டு எழும்பவில்லை.

ஓடுகிற மெஷினில் ஒரு சத்தம் குறைந்தாலும் அவன் காதுக்குத் தெரிந்துவிடும்; அவள் குரலிலும் ஏதோ ஒன்று குறைந்தது. எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“ஆஸ்பத்திரியில யாராவது, உன் வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேட்டா, நீ என்ன சொல்றே?”