ஹாரன் மாஸ்டர் வீட்டுப் பெரியவர்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அந்த மனிதருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஹாரன் மாஸ்டர். வண்டியில் இருக்கிற ஹாரனை அவர் தொட்டதே கிடையாது, தேவைப்பட்டதில்லை. "பிரேக்" என்று அவர் சொன்னால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவரும் ஒரு நொடி காலை ஊன்றிவிடுவார். இருபத்திரண்டு வருடம் பதறுகிற கைகளோடும் மாற்றி மிதிக்கிற கால்களோடும் மல்லுக்கட்டி வந்த குரல் அது. வீட்டுக்கு வந்த பிறகும் அதை எங்கே கழற்றி வைப்பது என்று அவருக்குத் தெரியாது. உப்பை எடு என்று கேட்டால்கூட எங்கேயோ வண்டி மோதிவிட்ட மாதிரிதான் இருக்கும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்தினதே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு அவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். பேச்சும் அப்படித்தான். குத்திவிட்டு அவள் அடுத்த வேலையைப் பார்க்கப் போன பிறகுதான் நமக்குச் சுருக்கென்று தெரியும்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் வீட்டில் ஒரு நாய் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் காதில் வாங்கவில்லை. கீழே நிறுத்தியிருந்த பயிற்சிக் காரின் பக்கக் கண்ணாடியை எவனோ கழற்றிக்கொண்டு போன பிறகுதான் அவருக்கும் நாய் ஆசை வந்தது. பார்த்தாலே கை கால் நடுங்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கிற காப்பகத்துக்குப் போனார்கள்.

வாசலிலேயே பினாயில் வாசனை. வரிசையாகக் கூண்டுகள். ஒரு கறுப்பு நாய் கம்பியில் காலை வைத்துக்கொண்டு உறுமியது. மாஸ்டருக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம். திரும்பினால் மனைவியைக் காணோம். கடைசிக் கூண்டு முன்னால் குந்தியிருந்தாள். கூண்டுக்குள் ஒரு வாளி மட்டும்தான் இருந்தது. உற்றுப் பார்த்தபோது வாளிக்குப் பின்னால் இரண்டு காதும், நரைத்துப்போன ஒரு மூஞ்சியும் தெரிந்தன.

காப்பகத்து டாக்டரம்மா விவரம் சொன்னாள். பதினொரு வயது இருக்கும். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனது. இங்கே வந்து ஒன்றரை வருடமாகிறது, இதுவரை யாரும் கேட்டதில்லை. விளக்குமாறு, குடை, தும்மல், ஷூ போட்ட கால், எல்லாவற்றுக்கும் பயம். தன் வயிறு உறுமினாலே யார் என்று திரும்பிப் பார்க்கும். இங்கே எல்லாரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மாஸ்டர் மனைவியின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார். ரகசியம் முதல் கூண்டு வரைக்கும் கேட்டது. "நான் காவலுக்கு நாய் கேட்டா, நீ காவல் தேவைப்படற நாயைப் பிடிச்சிருக்கியே."

"அதான் நீங்க இருக்கீங்களே" என்றாள் அவள், எழுந்திருக்காமலே.

டாக்டரம்மா அவர் குரலைக் கேட்டதிலிருந்து கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தாள். கடைசியில், ஒரு மாதம் வைத்துப் பார்க்கட்டும், ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவந்து விடட்டும் என்றாள். எங்களுக்கு ஒத்துவரவில்லை என்றாலா என்று மாஸ்டர் கேட்டார். இல்லை, பெரியவருக்கு என்றாள் டாக்டரம்மா. ஊரில் பாதிப் பேரைப் பழக்கி விட்டவர் அன்றைக்கு முதுகில் 'எல்' போர்டு மாட்டின மாதிரி வீடு திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் நேராகப் போய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குடியேறினார். மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. வைத்த சாப்பாடு யாரும் பார்க்காத நேரத்தில் காலியாகும். வீட்டில் சட்டம் மாறியது. கதவை அறையக் கூடாது, செருப்பை வாசலிலேயே விட வேண்டும், தும்மல் வந்தால் துண்டுக்குள் தும்ம வேண்டும். போன் வந்தால் மாஸ்டர் மாடிப்படிக்கு ஓடினார். "இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல இப்பத்தான் எனக்குக் கடிகாரம் ஓடற சத்தம் கேக்குது" என்றாள் மனைவி.

பெயர் அப்படி அமைந்துவிட்டதால் மரியாதையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் தூங்கறாரா என்று மாஸ்டர் மெல்லக் கேட்பார். நாய்க்கு வாங்க போங்க, எனக்கு மட்டும் வா போவா என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா போனில் ஒரு வழி சொன்னாள். கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எதையாவது தணிந்த குரலில் படிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. மாஸ்டர் கையில் இருந்த ஒரே புத்தகம் சாலை விதிகள். வேலை முடிந்து வந்ததும் தினமும் அதைத் தாலாட்டு மாதிரி படித்தார். ஒருவழிப் பாதை வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பதினோராம் நாள், வலதுபுறம் திரும்பும் முறை பற்றிப் படித்துக்கொண்டிருக்கையில், ஈரமான மூக்கு ஒன்று அவர் முதுகைத் தொட்டது. மனுஷன் சிலையாகிவிட்டார். மனைவி வேலையிலிருந்து வந்தபோது பெரியவர் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. கண்ணாலேயே ஜாடை காட்டினார். அவள் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நிலைத்தது. ஒரு சாயங்காலம் பெரியவர் முதல் முறையாக அவர் கையிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது. லைசென்ஸ் தேர்வுக்குப் போன மாணவர் காரை நடைபாதையில் ஏற்றி விளக்குக் கம்பத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தார். மாஸ்டர் தன்னை மறந்து ஒரு கத்துக் கத்திவிட்டார். தட்டு உருண்டது. தரையெல்லாம் மூத்திரம். பெரியவர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால், இன்னும் உள்ளே தள்ளி, சுவரோடு சுவராக ஒடுங்கிவிட்டார். இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

மாஸ்டரும் சரியாகச் சாப்பிடவில்லை. தரையைத் துடைத்துவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, பாதி வகுப்பிலேயே நின்றுபோன ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த அவள் கை வெளுத்துப்போயிருக்கும். சோம்பேறி, அதான் வரவில்லை என்று அப்போது எல்லாரிடமும் சொல்லியிருந்தார். "இந்த மாதிரிதான் எல்லாரும் என்கிட்ட உக்காந்திருந்தாங்களோ?" என்று மனைவியைக் கேட்டார். அவள் கிண்டல் ஏதும் பண்ணவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து காரில் அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். மாணவர்கள் அரண்டுவிட்டார்கள். நெஞ்சு வலிக்குதா மாஸ்டர், ஆஸ்பத்திரிக்கு ஓட்டட்டுமா என்று ஒருவர் கேட்டேவிட்டார். மூன்றாம் நாள் பெரியவர் மெஷினுக்கு வெளியே வந்து தட்டை நக்கினார். முதுகில் சாய இன்னும் ஐந்தாறு நாள் எடுத்துக்கொண்டார்.

மாதம் முடிந்து டாக்டரம்மா வீட்டுக்கு வந்த அன்றைக்கு மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில், வேர்த்து விறுவிறுத்து நின்றார். கத்தியதை மறைக்காமல் அவரே சொல்லிவிட்டார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே அவர் கால்களுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பெரியவர் அங்கேதான் ஒளிந்திருந்தார். பயந்தால் ஓடி ஒளிய ஒரு ஆள் கிடைச்சாச்சு, அது போதும் என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்ப நான் பாஸா என்று மாஸ்டர் இரண்டு தரம் கேட்டார்.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் ஓடியது. பெரியவர் சோபாவில் ஏறினார், குடையை மன்னித்தார், தும்மலைப் பொறுத்துக்கொண்டார். குரல் மட்டும் கொடுக்கவே இல்லை. குரைக்கவே தெரியாதோ என்று நினைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் மகள் போனில், ஸ்கூட்டர் வாங்கப்போவதாகச் சொன்னாள். இரண்டு சக்கரம் என்றாலே மாஸ்டருக்கு ஆகாது. மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஹெல்மெட் என்று வந்தபோது குரல் கூரைக்கு ஏறிவிட்டது. மனைவி பதறிப்போய் சோபா பக்கம் ஓடினாள். பெரியவர் ஓடவில்லை. முன்னங்காலை ஊன்றி, அப்புறம் பின்னங்காலை இழுத்து, நிதானமாக இறங்கினார். நடந்து வந்து மாஸ்டருக்கு எதிரே நின்றார். அண்ணாந்து பார்த்து ஒரு குரை குரைத்தார். துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி இருந்தது. போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னொன்றும் சேர்த்துக் குரைத்தார்.

போனில் மகள் யாருப்பா அது என்றாள்.

"பெரியவர்ம்மா. என்னைத் திட்டறார்" என்றார்.

"இத்தனை வருஷம் நான் சொன்னதை அவர் ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டார்" என்றாள் மனைவி.

ஒருதரம் வாய் திறந்தவருக்கு அப்புறம் அதிலே ருசி வந்துவிட்டது. மறுநாள் காலையில் பால்காரரை, தபால்காரரை, குழாயை என்று வரிசையாக விசாரித்தார். பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மேலே வந்தார். உங்க நாய் காலையிலேருந்து குரைச்சுத் தள்ளுது, ஒரு வேலை பார்க்க முடியலை என்றார்.

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். எத்தனை தடவை குரைத்தார், கீழே வரைக்கும் நன்றாகக் கேட்டதா, குரல் கம்பீரமாக இருந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சண்டை போட வந்த மனிதர் குழம்பிப்போய், கேட்டுது, நல்லாவே கேட்டுது என்றார். மாஸ்டர் அடுப்படிப் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "இங்க வாயேன். சார் சொல்றதை நீயும் வந்து கேளு. அவருக்கு ஒரு காபியும் கொண்டா" என்று கூப்பிட்டார்.