அடிக்குறிப்பு

இயக்குநர் அந்த அடிக்குறிப்பை இரண்டாம் முறை சத்தமாகப் படித்தபோதுதான் அதை எழுதியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது. முதல் முறை பெருமையாகத்தான் இருந்தது. கல்வித் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர். வைத்தவர்கள் பாதி கேலியாகத்தான் வைத்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நம் அரசு எவ்வளவு செலவழிக்கிறது, பக்கத்து நாட்டு அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று அவள் போட்ட அட்டவணையில், அவர்கள் செலவில் பாதியைக்கூட நாம் தொடவில்லை. நாளை சட்டசபையில் இதைப் பற்றிக் கேள்வி வரும். அட்டவணையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். புலி சும்மா இருக்குமா? கீழே பொடி எழுத்தில் சேர்த்துவிட்டாள்: ‘அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். இங்கே பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுகிறோம்.’

“அதானே பாத்தேன்! இல்லாத பிள்ளைக்கெல்லாம் சேத்துப் பங்கு போட்டா குறைச்சலாத்தான் தெரியும்,” என்றார் இயக்குநர். “நாமளும் தலைய எண்ணிடுவோம். இன்னிக்கே. சொல்லாம கொள்ளாம, பன்னெண்டு ஸ்கூல்ல.”

சீட்டுக் குலுக்கி எடுத்த பட்டியலில் நான்காவதாக இருந்தது அவளுடைய அக்கா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளி.

அங்கே பதிவேட்டில் நாற்பத்தொரு பேர். வருவது இருபத்தாறு. மீதிப் பிள்ளைகள் வேலை தேடிப் போன பெற்றோரோடு எங்கெங்கோ போய்விட்டார்கள். அக்கா அவர்கள் பெயரை மட்டும் போகவிடாமல் தினமும் வருகை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பதுக்குக் கீழே போனால் இரண்டாவது ஆசிரியரை எடுத்துவிடுவார்கள், ஐந்து வகுப்பையும் ஒருத்தியே கட்டி மேய்க்க வேண்டும். “எனக்கென்னடி பத்துக் கையா இருக்கு?” என்று போன மாதம் சிரித்தாள். பிடிபட்டால் வேலையே போகும் என்பதை இருவரும் பேசவில்லை. பதிவேடு வேறு, வகுப்பு வேறு என்று இவளுக்குத் தெரிந்ததே அந்தச் சிரிப்பிலிருந்துதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இவள் கையால் கெட்டாள். தான் மட்டும் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“குறிப்பு எழுதின புண்ணியவதி, அந்த நாலாவது ஸ்கூலுக்கு ஆய்வாளரோட நீயே போயிட்டு வாம்மா,” என்று இயக்குநர் அனுப்பிவைத்தார்.

ஜீப்பில் ஆய்வாளர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார். கைப்பேசி பைக்குள் இருந்தது. எடுக்கத் துணிச்சல் வரவில்லை. ‘எங்க அக்கா ஸ்கூல் சார்’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து வந்து போனது. சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் தானும் கூட்டு. வழியிலேயே வண்டி நின்றுபோகாதா என்று வேண்டிக்கொண்டாள். இன்றைக்குப் பார்த்து அது குதிரை மாதிரி ஓடியது.

ஆய்வாளரைக் கண்டு வெளிறிய அக்காவின் முகம், பின்னால் இறங்கிய தங்கையைப் பார்த்ததும் மலர்ந்தது. காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் இவள் ஆய்வாளரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

“நான் பேரைப் படிக்கிறேன், நீ தலைய எண்ணும்மா,” என்றார் ஆய்வாளர்.

ஐந்து பெயர்களுக்குப் பதில் வந்தது. ஆறாவது ஒரு பையன் பெயர். அறையில் சத்தமே இல்லை. பிறகு முன்வரிசையில், தன் பெயருக்கு ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்த பல் விழுந்த சிறுமி ஒருத்தி மறுபடி எழுந்து, “உள்ளேன் ஐயா” என்றாள். அடுத்த இல்லாத பெயருக்குச் சுவரோரப் பையன் எழுந்தான். அக்கா சொல்லிக்கொடுத்ததல்ல, அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போனவர்களுக்கு டீச்சர் தினமும் வருகை போடுவதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளே அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் பதிவேட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. பிள்ளைக் குரல் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

“நாப்பத்தொண்ணு. பேரெல்லாம் சரியா இருக்கு,” என்று மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். “உன் கணக்கு என்னம்மா?”

மூன்று முறை எண்ணியும் இருபத்தாறுதான். அவள் வாயைத் திறந்தாள். கடைசிப் பெயருக்கு எழுந்த அந்தப் பல் விழுந்த சிறுமி, இன்னும் யாருக்காவது எழ வேண்டியிருக்குமோ என்று உட்காராமல், இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.