கையோடு வந்த கைப்பிடி

எங்கள் அடுக்ககத்தில் அக்டோபர் பிறந்தால் பனி வருகிறதோ இல்லையோ, தாய்ஸ்தோவின் உரை வந்துவிடும். காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க அடுத்தவன் விபத்துக்குக் காரணம் கண்டுபிடித்த மனிதர். தன் சின்னச் சிவப்புக் காரைக் கல்யாணப் பெண்ணைப்போல நிறுத்தி, எங்களையெல்லாம் வரவழைத்து விளக்குவார்: ஆணி பதித்த டயர், கண்ணாடி கழுவ உறையாத நீர், பனி சுரண்டி, பனி வார மண்வாரி, சக்கரத்தடியில் தூவ மணல்.

"கதவு உறைஞ்சா இளக்குற ஸ்ப்ரே இதோ, டாஷ்போர்டுக்குள்ள. எல்லாம் வண்டிக்குள்ளயே இருக்கணும். குளிர்காலம் முட்டாளைத்தான் தண்டிக்கும்."

இதைச் சொல்லும்போது கண் என் மேல் இருக்கும். என் வண்டி கடைசியாகக் குளித்தது போன வசந்தத்தில்.

அவர் மனைவி ஹில்க்கா தேவாலயப் பாடகர் குழுவில் பல வருஷமாகப் பின்வரிசை. இந்த டிசம்பரில்தான் கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சியின் முதல் பாட்டைத் தனியாகப் பாடும் வாய்ப்பு. ஹில்க்கா தாமதித்தால் பாட அதே குழுவின் மர்யுக்கா தயார். மர்யுக்காவின் தொண்டை எப்போதுமே தயார்.

அன்று காலை பனி லேசாக உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பாடகியின் கணவர் அழுக்கு வண்டியில் போய் இறங்கலாமா? தாய்ஸ்தோ காரைப் பெட்ரோல் பங்கில் பளபளவென்று கழுவிக்கொண்டு வந்தார். வந்ததும் டிக்கியின் பின்கதவை நன்றாகத் துடைத்துத் திறந்து புது மணல் மூட்டையை ஏற்றினார். பிறகு எஞ்சினைச் சூடாக்கும் ஒயரை வண்டி நிறுத்துமிடத்து மின்கம்பத்தில் செருகிவிட்டுக் காபி குடிக்கப் போனார். மதியம் வானம் தெளிந்தது. எங்கள் ஊரில் வானம் தெளிந்தால் மூக்கு மயிர் உறையப்போகிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

மாலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். தாய்ஸ்தோ கதவை இழுத்துக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீர் கதவு ரப்பருக்குள் உறைந்து இறுகி, நாலு கதவும் சுவரோடு சுவராகிவிட்டன. இறங்கிப் போனேன்.

"இழுக்காதய்யா, தோளால அழுத்து. பனி நொறுங்கும்."

"வெய்னோ, வண்டிய தொடச்சே பாக்காதவன் எனக்குச் சொல்லித்தராதே!"

இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"ஸ்ப்ரே எங்க?" என்றார் ஹில்க்கா. நீலப் பாட்டு அங்கிக்கு மேல் கோட்டு.

"உள்ள."

"எதுக்குள்ள?"

தாய்ஸ்தோ கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மர்யுக்கா இந்நேரம் முன்வரிசைக்கு வந்திருப்பா, மனுஷா! சாவியக் குடு, தள்ளி நில்லு."

ஹில்க்கா பின்கதவைத் தூக்கினார். துடைத்து வைத்த அந்த ஒன்று மட்டும் திறந்தது. அங்கியை இடுப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டு, மணல் மூட்டை மேல் முழங்கால் ஊன்றி, இருக்கைகளைத் தாண்டி ஊர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் விழுந்தார். எஞ்சின் உறுமியது.

தாய்ஸ்தோவும் தலையை நுழைத்துப் பார்த்தார். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஹில்க்கா, ரெண்டாவது கியர்ல எடு! கிளட்ச்ச மெதுவா..."

"ஒயர கழட்டு. பின்கதவ சாத்து."

கழற்றினார். சாத்தினார். கார் கிளம்பி வளைவில் மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு உதை விட்டால் பக்கத்துக் கதவு திறந்துவிடும், கணவரும் ஏறிவிடலாம். அது எனக்கும் தெரியும், ஹில்க்காவுக்கும் தெரியும்.

என் அழுக்கு வண்டியில் தாய்ஸ்தோவை ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஹில்க்கா பாடிக்கொண்டிருந்தார், அங்கியின் முழங்காலில் மணலோடு. மர்யுக்கா வாயை இறுக மூடியிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. தாய்ஸ்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் ஒரு நிமிஷம் அவரை மன்னித்துவிட்டேன்.

அடுத்த அக்டோபரில் உரை கொஞ்சம் நீண்டது.

"அவசரத்துல பின்வழியா நுழையுற பயிற்சி ரொம்ப முக்கியம். என் மனைவிக்கு நான்தான் பழக்கினேன்."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஹில்க்காதான். கையில் அந்தக் கைப்பிடி.