ஃபோர்ட் வெய்னுக்கு யார் போவது

ஃபோர்ட் வெய்ன் நகரத்தின் மேல் ரோண்டாவுக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அது பாட்டுக்கு இண்டியானாவில் தட்டையாக, யார் வம்புக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு எரிச்சல் மூட்டியதெல்லாம் கூட வந்த கணவன் லைல்தான். பெட்ரோல் பங்கைக் கண்டால்கூட "பாத்தியா, எவ்வளவு சுத்தம்!" என்றான். சிவப்பு விளக்கில் கார் நின்றால் "இங்க சிக்னல்ல ரொம்ப நேரம் நிக்க வேண்டாம்போல" என்றான். அந்த ஊரை விற்றுக் கொடுத்தால் கமிஷன் தருகிறோம் என்று யாரோ அவனிடம் பேசி வைத்ததுபோல இருந்தது.

விஷயம் இதுதான். லைல் வேலை பார்த்த பம்பு தொழிற்சாலை, மினசோட்டாவின் வடகோடியில் ஹால்வர் பே ஊரிலிருந்த கிளையை மூடுகிறது. கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அவனை, ஃபோர்ட் வெய்னுக்கு வந்தால் கிடங்கு மேனேஜர் ஆக்குகிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவனை மேனேஜர் என்று சொன்னார். ஆள் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை.

ரோண்டா நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். அந்த வேலையில் ஒரு முறை உண்டு. வருஷா வருஷம் அக்டோபரில், முதல் பனி விழுவதற்கு முன்னால், டிரைவர்கள் எல்லோரும் பணிமனையில் கூடி அந்தக் குளிர்காலத்துக்கான ரூட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். பணிமூப்புப்படி. மூத்தவர் முதலில் எடுப்பார், கடைசி ஆளுக்கு மிச்சம் மீதி. ரோண்டா சேர்ந்த வருஷம் அவளுக்கு விழுந்தது குப்பைமேட்டுச் சாலையும், லாரி திரும்பவே முடியாத முட்டுச் சந்துகளும். எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாள் என்று ஆண்கள் பந்தயம் கட்டினார்கள். அவள் தாக்குப்பிடித்தாள். பந்தயம் கட்டியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போனார்கள். இந்தக் கோடையில் அவளுக்கு மேலே இருந்த கடைசி ஆளும் போனார். இந்த வருஷக் கூட்டம் திங்கட்கிழமை, பட்டியலில் முதல் பெயர் ரோண்டா.

அவள் எடுக்கப்போவது எது என்று எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக ஏறி ஆஸ்பத்திரி வாசலில் முடிகிற மலைச்சாலை. பனி கொட்டும் நாளில் ஆம்புலன்ஸ்கள் அந்த லாரிக்குப் பின்னால்தான் வரிசைகட்டி ஏறும். சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே அதன்மேல் அவளுக்குக் கண். ஊரை விட்டால் பணிமூப்பு போய்விடும். ஃபோர்ட் வெய்ன் நகராட்சிக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தாள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் கடைசிப் பெயர்தான் என்று இனிமையாகச் சொன்னார்கள். அதுவும் எந்தப் பனிக்கு? அங்கே விழுகிற பனிக்கு லாரியை எடுப்பானேன், விளக்குமாறு போதும் என்பது அவள் அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லைலின் வருங்கால முதலாளி வீட்டில் விருந்து. பன்னுக்கு வெளியே நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பொரித்த பன்றிக்கறியைத் தட்டில் வைத்துவிட்டு, முதலாளியின் மனைவி டெனீஸ் ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரி ஓட்டறீங்களாமே! ஐயோ பாவம். இங்க வந்துட்டா அந்தக் கஷ்டமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். எங்க சர்ச்சுல பூச்செடி வெக்கறதுக்குன்னே ஒரு குழு இருக்கு. நல்லா பொழுது போகும்."

லைல் சிரித்தான். "அதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான்.

ரோண்டா பன்றிக்கறியைக் கடித்தாள். வேறு எதையாவது கடித்துவிடக் கூடாதே என்றுதான்.

திரும்பி வரும்போது இல்லினாய் எல்லைவரை பொறுத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"நீ எதுக்குச் சிரிச்ச?"

"எப்போ?"

"அந்தம்மா என்னப் பாத்து பாவம்னு சொன்னப்போ."

"மரியாதைக்குச் சிரிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்ற? அவ புருஷன்தான் எனக்கு மொதலாளி."

"இன்னும் ஆகல."

"ஆகப்போறார்ல?"

"அப்ப நீ முடிவு பண்ணிட்ட."

"நான் எங்க முடிவு பண்ணேன்?" லைல் ஸ்டியரிங்கைத் தட்டினான். "உன்னக் கேட்டுத்தான கூட்டிட்டு வந்தேன்? நீ சரின்னு சொல்றவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல நான். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதான் பண்ணுவான்?"

"பூச்செடி நடுன்னு சொல்லாம இருக்கலாம்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னா அதையே புடிச்சுத் தொங்கு. ரோண்டா, இத்தன வருஷமா பனி விழுந்தா நான் தனியாத்தான் சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட. ஒரு நாளாவது வாயத் தொறந்திருப்பேனா?"

"தொறக்கல. மூஞ்சியத்தான் தூக்கி வெச்சுக்கிட்டிருந்த. மார்ச் மாசம்தான் எறக்கி வெப்ப."

"நாளைக்கு ரூட் எடுக்காத. அவ்வளவுதான் நான் கேக்கறது. எடுத்துட்டா வசந்தம் வரைக்கும் அசைய முடியாது உன்னால."

அது உண்மை. ரூட்டை எடுத்துவிட்டு நடுக்குளிரில் விட்டுப்போனால், கீழே இருக்கிற எல்லோருடைய ரூட்டும் கலைந்துவிடும். அப்படிப் போனவர்களின் பெயரைப் பணிமனையில் இன்றும் கெட்ட வார்த்தை சேர்க்காமல் சொல்வதில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் ரோண்டா. அதற்குப் பிறகு விஸ்கான்சின் மாநிலம் முழுவதையும் இருவரும் பேசாமலே கடந்தார்கள். அது சின்ன மாநிலம் இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது லைல் சமையலறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இருக்கிற ஒரே வெள்ளைச் சட்டை. ஒரு கையின் சுருக்கத்தை எடுக்கப்போய் அடுத்த கையில் புதுச் சுருக்கம் போட்டுக்கொண்டிருந்தான். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தான். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். "வணக்கம், நான்தான் கிடங்கு மேனேஜர்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை கனமாக, ஒரு தடவை சாதாரணமாக.

அவள் மனம் இளகிவிட்டது. அவளுக்கே அது பிடிக்கவில்லை, ஆனாலும் இளகிவிட்டது. இந்த மனுஷன் வாழ்நாளெல்லாம் பிறர் சொன்ன இடத்தில் பெட்டியை இறக்கியவன், கடைசிக் காலத்தில் நாலு பேருக்கு இவன் சொல்லட்டுமே என்று தோன்றியது. காப்பிக்குக்கூட உள்ளே போகாமல், சத்தம் காட்டாமல் கிளம்பினாள். லாரி போனால் போகிறது என்று வண்டி ஓட்டும்போதே முடிவு செய்தாள். மலைச்சாலை போனால் போகிறது. முதல் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, "நான் எடுக்கல, நான் போறேன்" என்று தானே சொல்ல வேண்டும். சாயங்காலம் லைலிடம் சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். உள்ளே எங்கோ ஒரு பெருமிதம் இருந்தது. இவ்வளவு பெரிய பொருளை அவள் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

பணிமனையின் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய கேக் இருந்தது. நீலக் கிரீமில், "போய் வாருங்கள் ரோண்டா, லைல்" என்று எழுதியிருந்தது.

டிரைவர்கள் எல்லோரும் எழுந்து நின்று புன்னகைத்தார்கள். மேற்பார்வையாளர் ஆர்லன் காகிதத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டே, "வாம்மா, வா. மொதல்ல ரூட்ட முடிச்சிடுவோம், அப்பறம் கேக்கு" என்றார்.

"இது யார் சொன்னது?" என்றாள் ரோண்டா.

"எது?"

"நான் போறேன்னு."

ஆர்லன் கேக்கைப் பார்த்தார். "லைல்தான். மீன் வறுவல் விருந்துல பாத்தப்போ சொன்னாரு. அது ஆச்சு மூணு வாரம். வேற ஆள் பாத்துக்கோங்க, ரோண்டா ரூட் எடுக்க மாட்டான்னாரு. சந்தோஷமாத்தான் சொன்னாரு."

"மூணு வாரமா எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தோம். நாங்களா வந்து கேட்டா நல்லாவா இருக்கும்?"

ஹால்வர் பேயில் அப்படித்தான். யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். உங்கள் வீடு பற்றி எரிந்தாலும், "இன்னைக்கு உங்க பக்கம் கொஞ்சம் வெக்கையா இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மூன்று வாரமாக இத்தனை பேரும் அவளோடு காப்பி குடித்திருக்கிறார்கள், தட்பவெப்பம் பேசியிருக்கிறார்கள், காசு போட்டுக் கேக்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு மரியாதையாக ஒரு துரோகம் நடந்திருக்கிறது.

அதைவிட லைல். அவள் அந்த ஊரைப் பார்ப்பதற்கு முன்பே முடித்துவிட்டான். டெனீஸ் வீட்டு விருந்து, பெட்ரோல் பங்கின் சுத்தம், மூச்சு விடல என்ற சத்தியம் எல்லாமே அவள் காதில் சுற்றிய பூ. காலையில் அவ்வளவு ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தாளே, அவனுக்குக் கொடுக்க, அதை அவன் அவளைக் கேட்காமலே எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

ஆர்லன் தொண்டையைச் செருமினார். "சரி. மொதல் பேரு, கர்ட்."

கர்ட் ரோண்டாவுக்கு அடுத்த மூப்பு. தடித்த கழுத்துக்காரன். "மலைச்சாலை" என்று வாயைத் திறப்பதற்குள் ரோண்டா குறுக்கே பேசினாள்.

"மொதல் பேரு நான்."

"இல்லம்மா, நாங்க நெனச்சோம்..."

"நீங்க என்ன வேணா நெனைங்க. நான் ராஜினாமா எழுதிக் குடுத்திருக்கேனா? என் வாயால சொல்லியிருக்கேனா? மலைச்சாலை எனக்கு."

கர்ட்டின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏய், வெளையாடறியா? என் சீட்டு மெத்தைய அந்த லாரியில போட்டாச்சு. பொண்டாட்டிகிட்ட சொல்லியாச்சு. உன் புருஷன் எங்கிட்ட கை குடுத்துச் சொன்னான்!"

"அவன் கைதான? அவனையே லாரி ஓட்டச் சொல்லு."

"ஜனவரியில விட்டுட்டு ஓடிப்போவ. அப்ப எங்க எல்லார் பொழப்பும் நாறும்."

"நான் என்னைக்குடா எதையும் விட்டுட்டு ஓடிருக்கேன்? குப்பமேட்டையே விட்டுட்டு ஓடல."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு லைல் உள்ளே வந்தான். சுருக்கம் விழுந்த வெள்ளைச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. கேக் வெட்டுகிற நேரத்துக்கு வரச்சொல்லி ஆர்லன்தான் கூப்பிட்டிருந்தார். உள்ளே யாரும் யாரையும் பார்க்காமல் நிற்பதைக் கண்டு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன ஆச்சு?"

"நான் ரூட் எடுத்துட்டேன்" என்றாள் ரோண்டா.

"எடுத்துட்டியா? நேத்து அவ்வளவு தூரம் பேசினமே!"

"நேத்து பேசினோம். நீ மூணு வாரத்துக்கு முன்னாடியே பேசிட்ட."

லைல் ஆர்லனைப் பார்த்தான். ஆர்லன் காகிதத் தட்டுகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

"ரோண்டா, எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எல்லாருக்கும் என்னைவிட முன்னாடியே தெரியும். அவங்களுக்குத் தெரியாம பேச இனிமே என்ன இருக்கு?"

"நான் சொல்லாம இருந்திருந்தா நீ கடைசிவரைக்கும் இழுத்தடிச்சிருப்ப. எனக்குத் தெரியும் உன்ன."

"இன்னைக்குக் காலைல சரின்னு சொல்லத்தான் வந்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மட்டுக்காவது அவளைத் தெரிந்து வைத்திருந்தான். "அப்ப... இப்பவும்..." என்றான். ஒரு அடி முன்னால் வந்தான். "தப்புதான். ஃபோர்ட் வெய்னுக்கு நான் போன் பண்ணிச் சொல்லியாச்சு ரோண்டா, அடுத்த வாரம் வரேன்னு. நான் போயாகணும்."

"போ."

அந்த ஒரு சொல் சொல்லும்போது அவளுக்கு உண்மையில் பயமாக இருந்தது. காலி வீடும், ஒற்றைத் தட்டும் கண்முன் வந்து போயின. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பணிமனையில் விடைகொடுக்கும் கேக்குக்கு ஒரு முறை உண்டு. போகிறவருக்குத்தான் முதல் துண்டு, கிரீம் அதிகமுள்ள மூலைத் துண்டு. ரோண்டா ஆர்லன் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். கத்தி பட்டு நீல எழுத்துகளில் ஒன்று சிதைந்தது. மூலையை வெட்டி, காகிதத் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் முட்கரண்டியையும் செருகி, கணவனிடம் நீட்டினாள்.

அந்த ஊரில், நாலு பேர் பார்க்க நீட்டிய தட்டை வேண்டாம் என்று சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை. லைல் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். பழக்கதோஷத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "ரொம்ப தேங்க்ஸ்" என்றான்.