ஓடுபாதையில் துக்கம் விசாரித்தவர்

மனைவி இறந்த முப்பத்தாறாம் நாள் நான் விமான நிலைய டவருக்குத் திரும்பினேன். டாக்டர் தகுதிச் சான்று கொடுத்துவிட்டார். தூங்குகிறீர்களா என்று கேட்டார், தூங்குகிறேன் என்றேன். சாப்பிடுகிறீர்களா என்றார், சாப்பிடுகிறேன் என்றேன். மாட்டைப் பரிசோதித்திருந்தால் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பார்.

எனக்கு டவர் வேண்டும். விமானங்கள் மேல் காதல் என்று நினைக்க வேண்டாம். பணியில் இருக்கும்போது விமானத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் ஒரே அறை அது. கைபேசியைக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். மாமியார் ஒரு நாளைக்கு நான்கு முறை அழைத்து அழுகிறார். மச்சினன் ஆறுதல் வாசகங்களாகத் தேடி அனுப்புகிறான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சூரிய உதயம். தரைத்தளத்தில் பதிவேட்டு அறை இருக்கிறது. அங்கே ஏழு பேர். ஏழு பேருக்கும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எப்படி இருக்கிறேன் என்று கேட்கத் தெரியும்.

ஒரு மாதத்துக்கு மேல் விடுப்பில் போனவன் திரும்பி வந்தால் மேற்பார்வையாளர் நான்கு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். கவனம் சரியாக இருக்கிறது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நாற்காலி எனக்கு. போடாவிட்டால் பதிவேட்டு அறை.

எங்கள் மேற்பார்வையாளர் முன்னால் சார், பின்னால் பெருசு. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. அன்று அவர் ஓடுபாதையைப் பார்க்கவில்லை. என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தும்மினால் எழுந்து நின்றார். ஏசியைக் கூட்டினார், குறைத்தார், மறுபடியும் கூட்டினார். பக்கத்து மேசையில் விமான விவரச் சீட்டு எழுதுகிற அக்கா, ஏழு வருடத்தில் என்னைத் திட்டாமல் ஒரு வேளைகூட வேலை பார்த்ததில்லை. அன்று ஒவ்வொரு சீட்டையும் பரிசளிப்பு விழா போல இரண்டு கையாலும் நீட்டினார். கையெழுத்துகூடக் குண்டு குண்டாக இருந்தது.

எங்களிடம் ஒரு சிவப்பு அட்டை உண்டு. ஓடுபாதைக்குள் வண்டி போனால், காற்றின் வேகம் காட்டும் கருவியின் முகத்தில் அதை மாட்டிவிடுவோம். தரையிறங்க அனுமதி கொடுக்கும்போது காற்றைப் படித்துச் சொல்ல வேண்டும். அட்டை மறைத்தால் காற்று தெரியாது, தெரியாதவன் வாயை மூடிக்கொள்வான். முட்டாள்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. அதனால் நன்றாக வேலை செய்கிறது. மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். அதுவும் ஜீப் ஓட்டுநர் “ரன்வே வெக்கேட்டட்”, அதாவது ஓடுபாதையை விட்டு வெளியேறியாயிற்று, என்று வாக்கி டாக்கியில் சொல்லி, அதை நாங்கள் திருப்பிச் சொன்ன பிறகு.

ஓடுபாதையில் பறவை, கல், கழன்று விழுந்த ஆணி எல்லாம் பார்த்துவரும் ஜீப் ஓட்டுநருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒலிபெருக்கி. அவர் வாயில் அந்த ஆங்கிலச் சொல் முதல் வருடம் வெக்கேட்டட்டாக இருந்தது. இரண்டாம் வருடம் வெக்கட்டை. அதற்குப் பிறகு “வெளிய வந்துட்டேன் சார்” என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் புரிந்தது. யாரும் திருத்தவில்லை.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி உள்ளே போக அனுமதி கேட்டார். கொடுத்தேன். அட்டையை மாட்டினேன். கிளம்பிப்போன ஒரு விமானத்துக்கு உயரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேசையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“சார், நீங்க வந்துட்டீங்கன்னு இப்பத்தான் சொன்னாங்க. மனசு கேக்கல. என் வீட்டுக்காரி போயும் நாலு வருஷம் ஆச்சு. சோறு இறங்காது சார் எனக்கு. அப்புறம் நானும் வெளிய வந்துட்டேன் சார். நீங்களும் வந்துருவீங்க.”

என் ஒரு காதில் விமானி உயரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறு காதில் சோறு என்ற சொல் மட்டும் விழுந்தது. பெருசுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஏதாவது உதவி செய்ய வேண்டும் போல இருந்திருக்கிறது. வெளியே வந்துவிட்டேன் என்பது மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது. என் தோளுக்கு மேல் கையை நீட்டி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

நூற்று இருபது பேரோடு ஒரு விமானம் நான்கு மைலில் கூப்பிட்டது. காற்று தெரிந்தது. படித்தேன். இறங்க அனுமதி கொடுத்தேன். கொடுத்த பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

ஓடுபாதையின் நடுவில் மஞ்சள் ஜீப் நின்றுகொண்டிருந்தது. ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தது.

விமானத்தை மறுபடியும் மேலே ஏறச் சொன்னேன். என் குரலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் நிதானம் என்று பாராட்டினார்கள். எனக்கு முப்பத்தாறு நாளாக எல்லாக் குரலும் அப்படித்தான். விமானம் ஒன்றரை மைலில் மூக்கைத் தூக்கியது, ஜீப்புக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. அக்கா என்னை நாயே பேயே என்று திட்டினார். முப்பத்தாறு நாளில் என்னிடம் இயல்பாகப் பேசிய முதல் ஆள்.

ஒலிபெருக்கி உண்மையிலேயே வெளியே வந்த பிறகு, ஏன் நடுவில் நிறுத்தினார் என்று கேட்டேன்.

“வண்டி ஓட்டிக்கிட்டே துக்கம் விசாரிக்கிறது மரியாதை இல்லையே சார்.”

என் இடத்திலும் பெருசு இடத்திலும் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெருசு என்னைப் பின்அறைக்குக் கூட்டிப்போனார். கையில் என் படிவம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

“தம்பி, ஜீப் லேட்டா வெளிய வந்துச்சுன்னு எழுதிருவோம். முழுசா எழுதினா விசாரணை முடியிற வரைக்கும் உனக்கும் சீட் கிடையாது. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீ அந்த நாற்காலியில இருந்தாத்தான் உனக்கு நல்லது.”

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசவில்லை. அதுதான் சங்கடம். அயோக்கியனாக இருந்தால் பதில் சொல்வது சுலபம். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி எழுதினால் ஒலிபெருக்கியின் வேலை போகும் என்றேன். வேறு எங்காவது ஓட்டுவார் என்றார். அட்டையை எடுத்தது அவரில்லையே என்றேன். பெருசு பேனாவைப் பார்த்தார்.

நியாயம் அநியாயம் எல்லாம் யோசிக்கவில்லை. வேலை போனால் ஒலிபெருக்கிக்கு நேரம் நிறையக் கிடைக்கும், என் வீட்டுக்கே வந்துவிடுவார் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். அட்டையை யார் எடுத்தார், என்ன சொல்லைக் கேட்டு எடுத்தார், நான் பார்க்காமல் அனுமதி கொடுத்தேன், அந்த ஆங்கிலச் சொல்லை எத்தனை வருடமாக நாங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை, எல்லாம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. பெருசு இரண்டு தடவை படித்தார். என் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஒலிபெருக்கியை ஒரு சொல் கற்றுக்கொள்ள மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். என்னையும் பெருசையும் விசாரணை முடியும்வரை பதிவேட்டு அறைக்கு.

ஜன்னல் ஓரம் எதிரெதிரே இரண்டு மேசை போட்டுக் கொடுத்தார்கள். பெருசு இருந்ததால் ஏழு பேரும் அடக்கமாக இருந்தார்கள். அவரும் நானும் மதியம் வரை பழைய கோப்புகளை வருட வாரியாக அடுக்கினோம். வெளியே ஒரு விமானம் இறங்கும் சத்தம் கேட்டது, ஆனால் ஜன்னலில் கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

“அந்தப் பொண்ணு எப்படி தம்பி?”

இதுவரை யாரும் என் மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பற்றித்தான் கேட்டார்கள். நல்லவள், அன்பானவள் என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சொற்கள் அவளைப் போல இல்லை.

“குறட்டை விடுவா சார்.”

ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருசு கோப்பைக் கீழே வைத்தார்.

“ரொம்பச் சத்தமா?”

“பக்கத்து வீட்டுக்காரர் செவுத்தைத் தட்டுவார். எம் புருஷன்தான்னு சொல்லிருக்கா அவர்கிட்ட. அவருக்கு இன்னும் அப்படித்தான் நெனப்பு.”